கால் வீங்கி வருகிறவரிடம் ஊசி போட்ட தேதியையும் கேளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், டெல்டா மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா நடவு ஆள். கல்யாணமாகி வந்த நாள் முதல் குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் பட்டத்தையும் விடாமல் சேற்றில் இறங்கியவர். அவருடைய வலது கரண்டைக்காலைப் பற்றித்தான் இந்த மடல். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்கிற ஆள் கிடையாது. என் தாய்மாமாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. அவர் முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். என் மகனின் வகுப்பில் அப்படி நடக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஊசியும் சொட்டு மருந்தும் என்ன செய்தன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் எங்கள் தெருவிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதனால் அந்த வருஷம் செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தபோது, பள்ளிக்கூடத்து வாசலில் முதல் ஆளாக நின்றவர்களில் அம்மாவும் ஒருவர். ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கும் மேல் ஊசி போட்டதாக மறுநாள் செய்தியில் சொன்னார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

அம்மாவுக்குப் போட்டது கோவிஷீல்டு. அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அன்று இரவு காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, பாரசிட்டமால், இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். மூன்றாம் நாளே நாற்றுப் பறிக்கப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பாயிலிருந்து எழுந்து காலை ஊன்றியவர் "அம்மாடி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். குதிகாலில் ஆணி அடித்தது போல இருக்கிறது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து தப்படி வைத்த பிறகு கொஞ்சம் இளகியது. மதியத்துக்குள் கரண்டை இருந்த இடம் தெரியவில்லை. எலும்பு மேடு மறைந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, கை வைத்தால் தோசைக்கல் ஓரம் மாதிரி சுட்டது. மறுநாள் காலின் இரண்டாம் விரலும் வீங்கியது. நுனி முதல் அடி வரை ஒரே பருமன். மெட்டி சதைக்குள் புதைந்து விரல் கறுக்க ஆரம்பித்தது. சோப்புப் போட்டுப் பார்த்தோம், எண்ணெய் விட்டு நூல் சுற்றிப் பார்த்தோம், வரவில்லை. சாயங்காலம் நகை வேலை செய்கிற பத்தர் ஒருவரை வீட்டுக்கே கூட்டி வந்து வெட்டி எடுத்தோம். மெட்டியை வெட்டும்போது அம்மா அழுதார். வலியால் மட்டும் அழுததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊசி போட்ட பதினோராம் நாள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாரா வாரம் முகாம், ராத்திரி வரை கணினியில் பதிவு, மறுநாள் காலையில் வழக்கமான நோயாளிகள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வரிசையில் நின்று உள்ளே போனதும் அம்மா தானாகவே சொன்னார்: "போன ஞாயித்துக்கிழமைக்கு முந்துன ஞாயித்துக்கிழமை ஊசி போட்டேம்மா. அதுலேர்ந்து இப்படி ஆயிருச்சு."

"ஊசி கையில போட்டோம். கால்ல எப்படிம்மா வரும்?"

அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பப் போனபோது, வயசானா அப்படித்தான், சேத்துல நிக்கிறதைக் குறைச்சுக்குங்க என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 52 வயது. இரண்டு தடவையும் சீட்டில் 'கால் வலி' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊசி போட்ட தேதி எங்கேயும் இல்லை.

என் மனக்குறை எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைப் பற்றியது.

ஊசி கையில் போட்டால் காலில் வருமா என்ற கேள்விக்குப் பதில் மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிறது. ருபெல்லா தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புசக்தி இல்லாத வயது வந்த பெண்களுக்கு அதைப் போட்டால் நாலில் ஒருவருக்கு மூட்டு வலியும், பத்தில் ஒருவருக்கு வீக்கத்தோடு கூடிய மூட்டு அழற்சியும் வரலாம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வரும், பெரும்பாலும் தானே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு அது அரிது. இதெல்லாம் எப்படித் தெரிந்தது? ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வந்து சொன்னார்கள், யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். கோவிஷீல்டோடு வந்த தகவல் தாளிலேயே மூட்டு வலி, தசை வலி என்று அச்சடித்திருந்தது. அது உடம்பு முழுக்க ஒன்றிரண்டு நாள் இருந்து போகிற வலி. ஒற்றை மூட்டு சிவந்து வீங்கிச் சுடுவது வேறு. கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு அப்படி ஆனவர்களைப் பற்றி உலகில் பல நாட்டு மருத்துவர்கள் ஒவ்வொருவராக எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு. ஊசிதான் காரணம் என்று அவற்றில் பெரும்பாலானவற்றில் நிரூபிக்க முடியவில்லை. பெரும்பாலானவர்கள் குணமாகிவிட்டார்கள். சரி, அரிதாகவே இருக்கட்டும். அரிதானதை எழுதி வைக்காவிட்டால் அது அரிது என்று எதை வைத்துச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. 2021 மே 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ரத்தம் உறையும் அபாயத்தை மனதில் வைத்து, கொரோனா ஊசி போட்ட 20 நாளுக்குள், அதிலும் கோவிஷீல்டு போட்டவர்களுக்கு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கை கால் வலி, கையிலோ கெண்டைக்காலிலோ வீக்கம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா வந்தது பதினோராம் நாள். வீங்கியது கால். அது உறைவு இல்லை, மூட்டு அழற்சி என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. கெண்டைக்காலை ஒரு தடவை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

நம் பகுதியில் கால் வீக்கம் என்றால் ஆளுக்கு ஒரு பேர் வைப்பார்கள். கும்பகோணம் பக்கம் யானைக்கால் எப்படி இருந்தது என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். இப்போதும் வீங்கிய காலைக் கண்டால் தெருவில் முதலில் வருகிற வார்த்தை அதுதான். அம்மாவையும் கேட்டார்கள். இரண்டு வாரம் அவர் சேலையைக் கரண்டைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டேதான் இருந்தார். யானைக்கால் வீக்கம் வருஷக் கணக்கில் ஏறுவது. இடையிடையே காய்ச்சலோடு கால் சிவப்பதும் அதில் உண்டு. சிக்குன்குனியாவிலும் கணுக்கால் பிடித்துக்கொள்ளும், 2006-ல் ஊரே தவழ்ந்ததைப் பார்த்திருக்கிறோம். யூரிக் ஆசிட் கூடினவர்களுக்குப் பெருவிரலோ கரண்டையோ ஒரே ராத்திரியில் கொதிக்கும். அவர்களுக்கு ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் அது கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறது. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு வீங்கினால் உள்ளே சீழ் வைத்திருக்கலாம், அதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. இத்தனையையும் பிரித்துப் பார்க்கத்தான் உங்களிடம் வருகிறோம். நீங்கள் பிரிக்காவிட்டால் தெரு பிரித்துக்கொள்ளும்.

தெரு என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தோம், அது இதமாகத்தான் இருந்தது. அப்புறம் சுளுக்கு வழிக்கிறவர் ஒருவர் வந்து, நரம்பு பிசகியிருக்கிறது என்று விளக்கெண்ணெய் போட்டு இழுத்தார். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. மருந்துக்கடையில் பேர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்கள், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வாங்கிப் போட்டோம். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் உள்ளவர் அவர், சிறுநீரகம் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடுதான் பயம் வந்தது. 26 நாள் அம்மா சேற்றில் இறங்கவில்லை. சம்பா நடவு மும்முரமாக நடக்கிற நாட்கள் அவை. அந்த 26 நாள் கூலிதான் எங்களுக்குத் தீபாவளி.

அக்டோபர் நடுவில் தஞ்சாவூரில் ஒரு மூட்டு மருத்துவரிடம் போனோம். அவர் காலைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகள் கேட்டார். காலையில் எழுந்ததும் பிடிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? கண் சிவந்ததா? ஒன்னுக்குப் போகும்போது எரிச்சல் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு முதுகு பிடித்துக்கொள்கிற வியாதி உண்டா? கடைசியாக எந்த ஊசி, என்றைக்குப் போட்டீர்கள்? அம்மா அந்தக் கேள்விக்குத் தேதியைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருத்துவர், "அதுக்கு முன்னாடி வயித்தால போச்சா?" என்று கேட்டார்.

போயிருந்தது. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால், வயல் வேலையில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஏறியிருந்தன. யூரிக் ஆசிட் சரியாக இருந்தது. முடக்குவாதத்துக்கான பரிசோதனையிலும் சிக்குன்குனியா பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு அப்படியே எழுதுகிறேன். வயிற்றிலோ சிறுநீர்ப் பாதையிலோ கிருமி வந்து போன பிறகு, ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் உடம்பின் எதிர்ப்புசக்தி மூட்டு மேல் திரும்புவது உண்டு. அது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் பிடிக்கும், முழங்கால், கரண்டை, குதிகால் நரம்பு, கால்விரல் என்று. விரல் முழுசாக ஒரே பருமனாக வீங்குவது அதன் அடையாளங்களில் ஒன்று. அம்மாவுக்கு வந்தது அந்த வகை. தூண்டியது வயிற்றுப்போக்கா, ஊசியா? வயிற்றுப்போக்குக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். ஊசி அறவே இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார். "ரெண்டையும் எழுதி வைக்கிறேன்" என்று எங்கள் கண் முன்னாலேயே எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "கேட்டாரு பாரு."

சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுக் கொடுத்த மாத்திரையில் ஐந்தாறு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இதற்குள் ஊரில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருவுக்கு வயிற்றுப்போக்கு தெரியாது, ஊசி மட்டுமே தெரியும். "ஊசி போட்டு அந்த அக்காவுக்குக் கால் போச்சு, ஆஸ்பத்திரில விரட்டிட்டாங்க" என்று செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டாம் டோஸுக்குப் போகவில்லை. மூன்று வீடு தள்ளி ஒருவர், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் வராமல் இருக்கப் பள்ளியில் போடுகிற டிடி ஊசிக்கு மகனை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிற நஷ்டம் என் அம்மாவின் கால் வீக்கத்தைவிடப் பெரியது. சுகாதார நிலையத்தில் அன்றைக்கே "அதுக்கு முன்னாடி வயித்தால போச்சா?" என்று ஒரு கேள்வி விழுந்திருந்தால் கதையே வேறு மாதிரி ஊருக்குள் வந்திருக்கும். 2017-ல் தட்டம்மை ருபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளோடு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த மாதிரி வதந்தி எல்லாம் வெளியூரிலிருந்து வருவதில்லை. கேட்டுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பின ஓர் ஆள் ஊரில் இருந்தால் போதும்.

நான் கேட்பது புதிய திட்டம் எதுவும் இல்லை. ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் ஏ.இ.எப்.ஐ. என்று சொல்கிற அந்தப் பதிவுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரையறையே, தடுப்பூசிக்குப் பிறகு ஏற்படும் எந்த உடல்நலக் குறையும், அதற்கு ஊசி காரணமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான். காரணம் எது என்று பிரிப்பது அதற்கென்று இருக்கிற குழுவின் வேலை. மருந்தினால் வந்ததா, போட்ட விதத்தில் தவறா, பயத்தினால் வந்ததா, தற்செயலா என்று அவர்கள் பார்ப்பார்கள். அந்தப் படிவத்தை நிரப்பினால் ஊசியைக் குறை சொன்னதாகிவிடும், மேலே இருந்து கேள்வி வரும் என்று களத்தில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். மாவட்ட சுகாதார அலுவலர்களே, அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு பதிவும் வராத வட்டாரத்தைப் பாராட்டாதீர்கள். ஒரு வருஷம் முழுக்க ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி வந்தால், அங்கே யாரும் கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆலைக்கு வருகிற நெல்லில் ஒவ்வொரு லோடுக்கும் ஈரப்பதம் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். கொள்முதல் நிலையத்திலும் 17 சதவீதத்தை ஒட்டி எத்தனை வாக்குவாதம் நடக்கிறது. அந்த அக்கறையில் ஒரு பங்கு போதும். கால் வீங்கி வருகிற ஆளிடம் கடைசியாகப் போட்ட ஊசி எது, என்றைக்கு என்று கேட்டுச் சீட்டில் எழுதுங்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்ததா என்று கேளுங்கள். காலைத் தொட்டுப் பாருங்கள், கெண்டைக்காலையும் சேர்த்து. அடுத்த டோஸ் போடலாமா, தள்ளிப் போடலாமா என்று அந்த ஆளுக்கு வாய் திறந்து சொல்லுங்கள், உங்களுக்கே தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் எழுதி அனுப்புங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வருகிற பெண்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினால், ஆஸ்பத்திரிக்கு வராதவர்களும் சொல்வார்கள்.

படிக்கிற பொதுமக்களுக்கும் ஒரு தகவல். மருந்தினாலோ தடுப்பூசியாலோ பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் நீங்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியலாம். மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது. எனக்கு அது அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்போவதாக 2025 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல ஊசி, அவசியமான ஊசி. என் அக்கா மகளுக்கு அந்த வயது வருகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடும்போது யாரோ ஒருத்திக்கு அந்த மாதத்தில் கரண்டை வீங்கத்தான் செய்யும், ஊசியால் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவளும் அவள் அம்மாவும் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அன்றைக்கு "கையில போட்டது கால்ல எப்படி வரும்" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

அம்மா இரண்டாம் டோஸை 2022 ஜனவரியில், தஞ்சாவூர் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு போட்டுக்கொண்டார். கால் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தகவலைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவரும் அவர்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை மார்ச்சில் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஊசி போட வைத்தார். டிடி ஊசிக்கு அனுப்பாத வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது பதினான்கு வயது ஆகிறது. 16 வயதில் போட வேண்டிய ஊசிக்குள்ளாவது உங்களில் யாராவது ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். கூட வருவதற்கு நாங்கள் தயார். வெட்டின மெட்டியும், மூன்று சீட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த ஊர் முகாமுக்கு வேண்டுமானாலும் வந்து நடந்ததை நடந்தபடி சொல்வதாக அம்மாவும் சொல்லியிருக்கிறார். நடவு இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நடவு ஆள் ஒருவரின் மகள்,
நீடாமங்கலம் பக்கம், திருவாரூர் மாவட்டம்